செவ்வாய்க்கிழமை எந்த மூடி

வாட்டில்பெண்ட் முதியோர் இல்லத்தின் முன்கதவுக் கண்ணாடியில் 'உங்கள் விருப்பமே எங்கள் வழி' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து தெருவைப் பார்த்து இருக்கிறது. உள்ளே இருக்கிற எங்களுக்கு அது இடவலம் மாறித்தான் தெரியும். கதவைத் திறக்க ஒரு ரகசிய எண் உண்டு, அது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. மற்றபடி எங்கள் விருப்பத்துக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

என் பெயர் ஸ்பைரோ. இதே ஊரில், மரே ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், ஆயுளில் பாதியை மீனும் உருளைக்கிழங்கும் பொரித்தே கழித்தவன். இடுப்பெலும்பு முறிந்து இங்கே வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் வாரம் ஒரு பிங்கோ, ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதிரியார், மற்ற நேரமெல்லாம் டிவிக்கு முன்னால் தூக்கம் என்று நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மெல்போர்ன் தலைமை அலுவலகத்தில் யாருக்கோ அது பொறுக்கவில்லை. 'விருப்பத் திசைகாட்டி' என்று ஒரு கணினிச் சமாச்சாரத்தை வாங்கி அனுப்பினார்கள். நாங்கள் பதில் சொன்னால், அதை அது அரைத்து, இன்னாருக்கு இன்ன பொழுதுபோக்கு என்று துப்பிவிடும்.

கேள்வி கேட்க வந்தவள் டாம்ஸின். இங்கே அவளுக்கு வாழ்க்கைமுறை ஒருங்கிணைப்பாளர் என்று பதவி. நல்ல பெண்தான். ஆனால் நாம் பேசும்போது நம்மைப் பார்க்க மாட்டாள், கையிலிருக்கும் டேப்லெட்டைத்தான் பார்ப்பாள்.

"ஸ்பைரோ செல்லம், நீங்க எங்க பொறந்தீங்க?"

"கிரீஸ்ல. நாலு வயசுல கப்பல் ஏத்திட்டாங்க."

"எவ்ளோ அழகு," என்று தட்டிக்கொண்டாள்.

"நாலு வயசுக்கு அப்புறம் நடந்தத எதாவது கேப்பியாம்மா?"

"அது அடுத்த பக்கத்துல வரும்."

அடுத்த பக்கத்தில் வேலையைக் கேட்டாள். மீன் பொரித்தேன் என்றேன். பிடித்தது என்ன என்று கேட்டாள். சனிக்கிழமை மத்தியானம் ரேடியோவில் குதிரைப் பந்தயம் கேட்பேன், அஞ்சு டாலர் கட்டுவேன் என்றேன். அவள் முகம் வாடியது. சூதாட்டம் 'தீங்குகள்' என்ற பக்கத்தில் இருக்கிறதாம், அங்கே போனால் என் மகளுக்குத் தகவல் போய்விடுமாம்.

முடிவு வந்தது. திங்கட்கிழமை எனக்குக் கிரேக்க நடனம், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டே. நடனம் முடிந்ததும், கிரேக்க வழக்கமாம், பிளாஸ்டிக் தட்டுகளை மெத்தை மேல் வீசி உடைக்க வேண்டும். அவை உடையாது. புதன்கிழமை 'நினைவுச் சமையல்': துணியை மீன் வடிவத்தில் வெட்டி, அடுப்பும் எண்ணெயும் இல்லாத வாணலியில் போட்டுப் புரட்டுவது. வாழ்நாளெல்லாம் என் சட்டையில் ஒட்டிக்கிடந்த வாடையிலிருந்து தப்பித்தேன் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை மரக்குதிரைப் பந்தயம். பணம் கட்டக் கூடாது. எல்லாக் குதிரையும் ஜெயிக்கும், யார் மனமும் புண்படக் கூடாதே.

"இதுல எதுவுமே எனக்குப் பிடிக்காதும்மா," என்றேன்.

"திசைகாட்டி தொண்ணூத்திநாலு சதவீதம் பொருந்துதுன்னு காட்டுதே."

"மீதி ஆறு?"

டாம்ஸின் டேப்லெட்டை உற்றுப் பார்த்தாள். "அது நீங்கதான்," என்றாள்.

என் கதை இவ்வளவுதான். இது கிளாரியைப் பற்றியது.

கிளாரி டோங்கின் எனக்குப் பக்கத்து அறை. வாய்க்கால் மடைகளைத் திறந்து மூடி, திராட்சைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் வேலை பார்த்தவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். அவர் வீடு எங்கள் இல்லம் இருக்கும் இதே பெப்பர்கார்ன் தெருவில்தான், ஏழு வீடு தள்ளி. வீட்டை விற்றுவிட்டு வந்தார். ஆனாலும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

காரணம் குப்பைத் தொட்டி. புதன் காலை ஏழு மணிக்கு நகராட்சிக் கவுன்சில் லாரி வரும். செவ்வாய் சாயங்காலமே சக்கரத் தொட்டியைத் தெருவின் ஓரக்கல்லுக்குப் பக்கத்தில் உருட்டி வைத்துவிட வேண்டும். சிவப்பு மூடி எல்லா வாரமும். கூடவே ஒரு வாரம் காகிதம், பாட்டில் போடும் மஞ்சள் மூடி, அடுத்த வாரம் புல்லும் காய்கறித் தோலும் போடும் பச்சை மூடி. எது எந்த வாரம் என்று கவுன்சில் ஒரு நாட்காட்டி அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இல்லை. தெருவில் முதலில் யார் வைக்கிறார்களோ, அவர்கள் மூடியைத் திரைச்சீலை வழியாக எட்டிப் பார்த்து, மற்ற எல்லோரும் அதையே உருட்டிக்கொண்டு வருவார்கள். பெப்பர்கார்ன் தெருவில் அந்த முதல் ஆள், தலைமுறைக் கணக்கில், கிளாரி. அவர் இங்கே வந்ததிலிருந்து தெருவே தடுமாறிக்கொண்டிருந்தது. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு யாரும் முதலில் வைப்பதில்லை.

டாம்ஸின் கேட்டபோது கிளாரி யோசிக்கவே இல்லை.

"செவ்வாக்கிழமை தொட்டிய வெளிய வைக்கணும். அவ்ளோதாம்மா."

"அது வேலை இல்லையா கிளாரி? ஜாலியா எதாவது சொல்லுங்க. மீன் பிடிக்கறது, பாட்டு பாடறது?"

"தொட்டிய வெளிய வைக்கணும்."

கணினியில் அதற்குக் கட்டம் இல்லை. 'சக்கரம்', 'மாலைநேரம்', 'வெளிப்புறம்' என்ற மூன்றையும் டாம்ஸின் தேர்ந்தெடுத்தாள். திசைகாட்டி அவருக்கு ஸ்கேட்டிங்கைப் பரிந்துரைத்தது.

சிரிப்பாகத்தான் இருந்தது, அடுத்த செவ்வாய் வரைக்கும். அன்று ஐந்து மணிக்குக் கிளாரி தொப்பியும் மேல்கோட்டும் போட்டுக்கொண்டு முன்கதவுக்குப் போய், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கதவு திறக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். அதைக் குறித்துக்கொண்டார்கள். அதன் பெயர் 'வெளியேறும் நாட்டம்'. மறு செவ்வாயும் நின்றார். மறுபடி குறித்துக்கொண்டார்கள். மூன்று தடவை ஆனால் ஆளை 'அமைதி' என்ற பின்பக்கப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே இரட்டைப் பூட்டு, தெருவைப் பார்த்த ஜன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் அமைதியாகத்தான் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் திரும்பி வந்து எங்களோடு சாப்பிட்டதில்லை.

நான் மேலாளர் லீஆனிடம் போனேன். "தொட்டி வெளியதான இருக்கு. அந்த ஆள் ரெண்டு நிமிஷம் உருட்டட்டுமே," என்றேன். கிளாரியையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவள் மேஜையில் ஒரு லாவெண்டர் புகைக் குடுவை ஓடிக்கொண்டிருந்தது.

"கிளாரி, உங்க விருப்பம் எங்களுக்கு உயிர் மாதிரி," என்றாள். "அதனாலதான் அத உங்க கையில விட முடியல. தொட்டி சாஞ்சா கால்ல விழும். ஓரக்கல்லு தடுக்கும். நீங்க விழுந்துட்டா, விரும்பித்தான் விழுந்தீங்களான்னு என்னத்தான் கேப்பாங்க. உங்களுக்கு வேணுங்கறது தொட்டி இல்ல. தொட்டி குடுக்கற உணர்வு. அந்த உணர்வ நாங்க உள்ளயே, பத்திரமா ஏற்பாடு பண்ணித் தர்றோம்."

"நம்ம தொட்டிய யாரும்மா வெளிய வைக்கறா?" என்று கேட்டார் கிளாரி.

"அதுக்கு ஒப்பந்தக்காரர் இருக்கார். பெண்டிகோலேர்ந்து வருவார்."

"எப்ப?"

"புதன்கிழமை பத்து மணிக்கு."

"லாரி ஏழு மணிக்கே போயிருமேம்மா."

லீஆன் லாவெண்டர் குடுவையை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டாள்.

உணர்வு ஏற்பாடாகத் தொடங்கியது. முதலில் வண்ணம் தீட்டுவது. மேஜையகலத்துக்கு ஓர் அட்டையில் தொட்டிப் படம். மற்றவர்கள் பூவெல்லாம் போட்டார்கள். கிளாரி இரண்டு அட்டை வாங்கி, ஒன்றில் மூடியை மட்டும் மஞ்சளாகவும், இன்னொன்றில் மூடியை மட்டும் பச்சையாகவும் அடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். 'ஈடுபாடு குறைவு' என்று பதிவானது.

அடுத்தது நிஜத் தொட்டி, புத்தம்புதுசு. சாப்பாட்டுக்கூடத்தில் பியானோவிலிருந்து மீன்தொட்டி வரைக்கும் உருட்ட வேண்டும். வழியெல்லாம் ரப்பர் விரிப்பு. கைப்பிடியில் காகிதப் பூ. கிளாரி மூடியைத் திறந்து பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"பாரம் இருக்கக் கூடாதுன்னுதான்," என்றாள் டாம்ஸின்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"வியாழக்கிழமை எந்தக் கிறுக்கன் தொட்டி வைப்பான்?"

உருட்ட மறுத்துவிட்டார். தனக்கு மிகவும் பிடித்த செயலையே மறுக்கிறார் என்றால் மனச்சோர்வாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நிபுணர் வந்து அவரைச் சோதிக்க நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்.

மூன்றாவதாக மெய்நிகர் கண்ணாடி. தலையில் மாட்டினால் நாலு பக்கமும் தெரு தெரியும், கையசைத்தால் தொட்டி உருளும். படம் எடுத்தது கனடாவில், அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். கிளாரி கொஞ்ச நேரம் நன்றாகத்தான் உருட்டினார். பிறகு லாரி வந்தது. "டேய், தப்பான பக்கத்துல வர்றான் பாரு," என்று கத்தியபடி பக்கத்திலிருந்த என்னைப் பிடித்து இழுத்தார். இருவரும் சோபாவில் விழுந்தோம். ஒத்த ரசனையுள்ளவர்கள் சேர்ந்து பங்கேற்றால் செலவு குறைவு என்று திசைகாட்டி என்னையும் தொட்டிக் குழுவில் சேர்த்திருந்தது, அதனால்தான் நான் பக்கத்தில் இருந்தேன். 'உணர்ச்சிபூர்வ ஈடுபாடு, மிக அதிகம்' என்று பதிவானது. கண்ணாடியோடு அவரை எடுத்த படத்தைத்தான் தலைமை அலுவலகத்தின் விளம்பரப் புத்தக அட்டையில் போட்டார்கள்.

அந்த அட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அரசாங்கத் தர மதிப்பீட்டாளர் அலிஸ்டர் புல்லன் என்பவர் அதைப் பார்த்துவிட்டு, வாட்டில்பெண்டை நேரில் பார்க்க வந்தார். வந்தது செவ்வாய்க்கிழமை.

சாயங்காலம் வரைக்கும் லீஆன் அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். அவர் ஒவ்வோர் அறையிலும் தலையாட்டிக்கொண்டே போனார். "வயசானவங்களோட விருப்பத்துல எங்க துறை ரொம்பக் கண்டிப்பு. யாருக்காவது விருப்பம் இருந்தா, அது பதிவாயிருக்கணும். பதிவாகாத விருப்பத்துக்கு நாங்க பொறுப்பு எடுத்துக்க முடியாது," என்று என் கட்டிலருகே நின்று சொன்னார். எனக்குச் சொன்னாரா கட்டிலுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

ஐந்து மணிக்கு முன்கூடத்துக்கு வந்தார்கள். அங்கே கிளாரி தொப்பி, மேல்கோட்டோடு கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை; நடுவில் வந்த செவ்வாய்களில் நான் ஏதாவது பேசி அவரை அறையிலேயே பிடித்து வைத்திருந்தேன். 'அமைதி'ப் பிரிவின் சாவி டாம்ஸின் இடுப்பில் தொங்கியது.

"அட்டையில இருக்கறவர்தான இவர்?" என்றார் புல்லன். "எங்க கெளம்பறார்?"

லீஆன் அவசரமாகச் சிரித்தாள். வெளியேறும் நாட்டம் என்று சொன்னால், இல்லத்தின் அட்டைப்பட ஆளே தப்பித்து ஓடப் பார்க்கிறார் என்று ஆகும். "அவர் வந்து... அவரோட விருப்பச் செயல்பாட்டுக்குத் தயாராயிட்டிருக்கார்," என்றாள்.

"நல்லது. நான் பாக்கறேனே."

பூவைத்த தொட்டியை எடுத்துவரச் சொல்லி லீஆன் டாம்ஸினுக்குக் கண்ணைக் காட்டினாள். புல்லன் கதவருகே போய் நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் லீஆன் ரகசிய எண்ணை அழுத்தினாள்.

கிளாரி வெளியே போனார். எனக்கும் சேர்த்துத் திறந்த கதவு என்று நானும் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய்விட்டேன். சுவரோரம் மூன்று தொட்டிகள் மூச்சு முட்ட நிரம்பி நின்றன. பெண்டிகோக்காரரின் கைங்கரியம். கிளாரி சிவப்பு மூடியைச் சாய்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, உருட்டிக்கொண்டு போய் ஓரக்கல்லில் வைத்தார். சக்கரம் வீட்டைப் பார்த்து, கைப்பிடி வீட்டைப் பார்த்து. திரும்பி வந்தார். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் நின்று விரல் விட்டு எண்ணினார்.

"கிறிஸ்மஸ் வாரம் லாரி வராது, ஒரு வாரம் தள்ளிப் போகும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அப்ப பச்ச."

எனக்குத் திக்கென்றது. அது மஞ்சள் வாரம்; போன புதன் பச்சை மூடிக்கான லாரி போனதை நான் ஜன்னலில் பார்த்திருந்தேன். எங்கள் இல்லத்தில், இந்தப் பக்கத்துக் குளிர்காலமான ஜூலையிலும் கிறிஸ்மஸ் கொண்டாடுவார்கள், காகிதத் தொப்பி, வான்கோழி, சாந்தா கிளாஸ் எல்லாம் உண்டு, டிசம்பரில் ஆட்கள் லீவு போட்டுவிடுவார்கள் என்பதால். போன மாதம்தான் நடந்தது. கிளாரி அதை நிஜக் கிறிஸ்மஸ் கணக்கில் சேர்த்துவிட்டார்.

'கிளாரி, அது ஜூலைடா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பச்சை மூடியை ஓரக்கல்லுக்கு உருட்டிவிட்டார், எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. ஷெரில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"என்ன கிளாரி, எங்க போய்த் தொலஞ்ச இத்தன நாளா?"

"இங்கதான். உள்ள."

அவள் பச்சை மூடியைப் பார்த்தாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போய்த் தன் பச்சை மூடியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீடு. அதைப் பார்த்து மூலை வீடு. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கச் சக்கரம் கடகடத்தது. கிளாரி இடுப்பில் கைவைத்து இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் முதுகு நிமிர்ந்து நின்று நான் இந்த இல்லத்தில் பார்த்ததே இல்லை. ஜூலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

புல்லன் பையிலிருந்து ஒரு கேள்வி அட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அதில் அழுமுகம் முதல் சிரித்த முகம் வரை வரிசையாக வரைந்திருந்தது. "இப்ப இதுல நீங்க எந்த முகம் ஐயா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி. ரெண்டு தொட்டிக்கு நடுவுல எடம் விடணும்," என்றார் கிளாரி.

புல்லன் நடுநிலை முகத்தில் டிக் அடித்தார்.

மறுநாள் காலை நான் ஜன்னலில் காத்திருந்தேன். மஞ்சள் மூடிக்கான லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கினார், தெருவை மேலும் கீழும் பார்த்தார், தலையைச் சொறிந்தார், டிப்போவுக்குப் போன் போட்டார். ஒரு வீடு தப்பு செய்தால் அது வீட்டின் தப்பு. மூலைக்கு மூலை ஒரு தெருவே பச்சை வைத்திருந்தால், நாட்காட்டியை அச்சடித்தவர்கள்தான் எங்கோ சொதப்பியிருக்கிறார்கள் என்று டிப்போ முடிவுக்கு வந்தது. மத்தியானம் பச்சை லாரி வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வீடு மன்னிப்புக் கடிதமும் திருத்திய நாட்காட்டியும் வந்தன. எங்கள் இல்லத்தின் ஜூலைக் கிறிஸ்மஸ் அன்றோடு கவுன்சிலின் சட்டமாகிவிட்டது.

வாட்டில்பெண்டுக்கு முழு மதிப்பெண். லீஆன் எங்களைக் கூட்டி வைத்து, கண் கலங்கப் பேசினாள்.

"ஒருத்தரோட விருப்பத்த நாம கேட்டோம். அது அவ்ளோ நல்லா வேலை செஞ்சதால, இனிமே அது எல்லாரோட விருப்பமும் ஆயிடுச்சு. தலைமை அலுவலகம் எல்லாக் கிளைக்கும் உத்தரவு போட்டாச்சு. ஒவ்வொரு செவ்வாயும் ஒருத்தர், முறை வச்சு, தொட்டிய வெளிய வைப்பீங்க. யாரையும் விட்டுட மாட்டோம்."

"என் முறை எப்பம்மா?" என்று கேட்டார் கிளாரி.

டாம்ஸின் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "நீங்க ஏற்கனவே ஒரு தடவ வச்சிட்டீங்கல்ல கிளாரி. உங்க விருப்பம் நிறைவேறிடுச்சுன்னு மூடியாச்சு. மறுபடி திறக்கணும்னா... ஈஸ்டருக்கு அப்புறம் வரும்."

"நிஜ ஈஸ்டரா, நம்ம ஈஸ்டரா?" என்று நான் கேட்டேன். டாம்ஸின் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"இன்னொண்ணு," என்றாள் லீஆன், கிளாரியின் தோளைத் தடவிக்கொண்டே. "போன வாரம் நீங்க கதவுகிட்ட நின்னது செயல்பாட்டுல சேந்துடுச்சு. இனிமே நின்னீங்கன்னா, அது மூணாவது தடவையா ஆயிடும். சரியா செல்லம்?"

செவ்வாய் வந்தது. முறைப்படி அன்று திருமதி புரூயிட். பியானோ ஆசிரியை, தன் வீட்டிலேயே குப்பைத் தொட்டியைத் தொட்டறியாதவர். மூன்று மணிக்கே அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், பூவைத்த காலித் தொட்டியின் கைப்பிடியில் அவர் கையை வைத்துப் படம் எடுத்து, உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். தொட்டி மட்டும் ஓரக்கல்லில் காகிதப் பூவோடு நின்றது. அதன் மூடியின் நிறம் இளஞ்சிவப்பு.

ஐந்து மணி ஆனது. எதிர்வீட்டில் ஷெரில் வெளியே வந்தாள். இளஞ்சிவப்பு மூடியைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டில் திரைச்சீலை விலகியது. மூலை வீட்டில் ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் எதையும் உருட்டவில்லை.

கிளாரி மேல்கோட்டைப் போட்டுக்கொண்டார், தொப்பியை வைத்தார். முன்கதவுப் பக்கம் நடந்தார். டாம்ஸின் டேப்லெட்டோடு எழுந்தாள், சாவி சிணுங்கியது. கூப்பிட்டுத் தடுக்கலாம் என்று நான் எழுவதற்குள், கிளாரி கதவைத் தாண்டிச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் போய்விட்டார். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு முன்னால் நின்றார். மேல்கோட்டுக்குள்ளிருந்து, மேஜையகல அட்டையை மடிப்புப் பிரித்து எடுத்து, கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். தொட்டிப் படம். மூடி மட்டும் மஞ்சள்.

ஷெரில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். மஞ்சள் மூடி வந்தது. பக்கத்து வீடு வந்தது. மூலை வீடு வந்தது. திருத்திய நாட்காட்டிப்படி அது சரியான மூடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் சக்கரச் சத்தம் கேட்டது. கடைசித் தொட்டி வந்து நிற்கும்வரை கிளாரி கையை இறக்கவில்லை.

டாம்ஸின் கொஞ்ச நேரம் டேப்லெட்டில் தேடினாள். கதவருகே நிற்பதற்குக் கட்டம் இருந்தது. ஜன்னலருகே நிற்பதற்கு இல்லை. முதல் தடவையாக அவள் டேப்லெட்டை விட்டுவிட்டுக் கிளாரியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரே வரி தட்டினாள். பின்னால் நின்ற நான் அதைப் படித்தேன்.

'கிளாரி டோங்கின். செவ்வாய் மாலை. எந்தச் செயல்பாட்டிலும் பங்கேற்கவில்லை.'